ஒப்புகைச் சீட்டு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
லத்தேரி ஸ்டேஷனிலிருந்து போன்.
"மேடம், உங்க ஐட்டத்தக் கொணாந்து ஒப்படைச்சிடுங்க."
ஐட்டம்.
நான் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை.
எப்படியுமே கூப்பிட்டதில்லை.

பங்க்கில் கலெக்‌ஷன் பையைப் பறித்துப் போன ராத்திரிக்குப் பிறகு
இரண்டு வருஷம் சத்துவாச்சாரிக்கு அலைந்தேன்.
கலெக்டர் ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடைப் பையனுக்கே என் மனு மனப்பாடம்.

சென்னைக் கடையில் கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்கள்.
ஒன்று நிக்கல் பூச்சு, கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி.
ஒன்று பிஸ்டல். மெலிசு, கைப்பைக்குத் தோது.
ஆனால் மேகசினை உருவிய பிறகும்
உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கலாம் என்றார் கடைக்காரர்.
அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்றாவது கான்பூர் ரிவால்வர். கறுப்பு, குட்டை.
தாழை நெம்பினால் இடுப்பொடிந்து குனிந்து
ஆறு அறையையும் அப்படியே காட்டிவிடும்.
பொய் சொல்லத் தெரியாத பிராணி.
அதைத்தான் கேட்டேன்.

முதல் மாசம் முழுக்கக் காலியாகவே பிடித்துப் பழகினேன்.
காலி என்று தெரிந்தும், நிறைந்ததாக நினைத்து.
குழல் எங்கே பார்க்கிறது என்பது
சேலைத் தலைப்பு எங்கே கிடக்கிறது என்பதுபோல
குனியாமலே தெரிய வேண்டும்.
கிழக்குச் சுவர் ஆகாது, அந்தப் பக்கம் சர்வேஷ் தூங்குகிறான்.
மேற்கும் ஆகாது, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்.
பழைய ஆயில் டிரம்மில் மணல் நிரப்பி மூலையில் வைத்தேன்.
குழலுக்கு இனி அதுதான் திசை.

விரல்தான் பேச்சுக் கேட்கவில்லை.
நான் இடதுகைக்காரி.
பதினெட்டு வருஷம் பெட்ரோல் நாஸிலைப் பிடித்த கை,
விசையைக் கண்டால் அழுத்தத்தான் பார்க்கும்.
அந்த ஆள்காட்டி விரலை மட்டும்
தனியாக ஸ்கூலுக்கு அனுப்பினேன்:
வெளியே இரு. இரும்போரமாக நீண்டு இரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் எண்ணினால் பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
அரிசியைக் கொட்டிச் சலித்தேன். மெத்தையைப் பிரித்தேன்.
சர்வேஷின் பள்ளிப் பையை அவன் தூங்கும்போது உதறினேன்:
ரப்பர், புளியங்கொட்டை, காய்ந்த சப்பாத்தி.
விடியப்போகும் நேரம்
பேங்க் சலான் புத்தகத்தின் மடிப்பில் கிடைத்தது,
லிப்ஸ்டிக் மாதிரி சாதுவாக.
அன்றைக்கே சுவரில் இரும்புப் பெட்டி பதித்தேன்.
துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு வேறு பூட்டு.
சாவி எங்கே என்று இங்கேயும் சொல்லமாட்டேன்.

தீபாவளிக்கு அவன் கேப் துப்பாக்கியால்
பூனைக்குக் குறி வைத்தான். பிடுங்கிக்கொண்டேன்.
"பொம்மதானம்மா."
துப்பாக்கி பொம்மைதான்.
விரல் பொம்மை இல்லையே.

ரைட்டர் முனிரத்தினம் பேரேட்டை விரித்தார்.
நான் பெட்டியைத் திறப்பதற்குள் எடுத்துவிட்டார்.
குழல் என் மூக்குத்தியைப் பார்த்தது. அவர் விரல் உள்ளே.
"காலிதானே?"
"காலின்னு நான்தான் சொல்றேன். நீங்க பாக்கலியே."
"இன்னா மேடம், எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸு."
"செவுத்துப் பக்கம் திருப்புங்க. விரல எடுங்க. தாழ நெம்புங்க."
ஆடு காணோம் என்று புகார் தர வந்தவர்
பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தார்.
ரைட்டர் நெம்பினார்.
ஆறு ஓட்டை. ஆறிலும் ஜன்னல் வெளிச்சம்.
உதடசைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.
பிறகு சீட்டு எழுதித் தந்தார்,
என் இனிஷியலைத் தப்பாகப் போட்டு.

ஓட்டுப் போடும் நாள்.
அதே விரலில் மை வைத்தார்கள்.
அட்டைத் தடுப்புக்குள் பட்டன்கள் வரிசையாக நின்றன.
அழுத்தச் சொல்லியும் விரல் ஓரமாக நீண்டே நின்றது.
நான் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
அட்டை. அதற்கப்பால் சுவர்.
சுவருக்கு அப்பால்
சத்துணவுக் கூடத்தில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம்.
அது நிற்கும்வரை காத்திருந்தேன்.
"சீக்கிரம்மா" என்றார் ஏஜெண்ட்.